கொத்தடிமையிலிருந்து மீண்ட ஊர்களில் கைவினைத் திட்டம் தொடங்குவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

திருவள்ளூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் கூப்பு ஆகிய இடங்களிலிருந்து மீட்கப்படும் குடும்பங்களில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் தொடர்ந்து இடம்பெற்று வருகின்றன. சூளையில் குழந்தை தனியாக அடிமைப்படுவதில்லை. அப்பா கைநீட்டி வாங்கிய அட்வான்ஸுக்கு அம்மாவும் சேர்ந்து கல் அறுக்கிறார். காயும் கல்லைப் புரட்டிப் போடும் வேலை எட்டு வயதுப் பிள்ளைக்கு வந்து சேருகிறது. ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் சிறுவர்களை ஆண்டுக் கணக்கில் ஒப்படைக்கும் வழக்கத்தில் மட்டும் பிள்ளை தனியே போகிறான். இரண்டிலும் மூலகாரணம் ஒன்றுதான்: வீட்டில் ஓர் அவசரம் வந்த நாளில், கேட்ட தொகையைக் கேட்ட மாத்திரத்தில் கொடுத்த ஒரே ஆள் சூளை மேஸ்திரியாகவோ மந்தைக்காரராகவோ இருந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஊரில் கைவினைத் திட்டம் தொடங்க விரும்பும் அறக்கட்டளைகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் இந்த வழிகாட்டி. நீங்கள் நெய்யப்போகும் கூடைக்குப் போட்டி சந்தையில் விற்கும் பிளாஸ்டிக் கூடை என்று நினைப்பீர்கள். உண்மையான போட்டி மேஸ்திரியின் சட்டைப்பையில் இருக்கும் அட்வான்ஸ் பணத்தோடுதான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்தே எழுதப்பட்டவை.

முதல் படி: அட்வான்ஸின் நாள்காட்டியைக் கண்டறியுங்கள்

எந்தக் கைவினை என்று முடிவு செய்வதற்கு முன் குறைந்தது மூன்று மாதமாவது ஊரில் பேசிப் பழக வேண்டும். கேள்வித்தாளை நீட்டினால் 'கடனெல்லாம் இல்லீங்க' என்ற பதில்தான் வரும். மாலையில் பெண்கள் விறகும் தண்ணீரும் கொண்டுவந்து போட்டுவிட்டு உட்காரும் நேரத்தில், போன வருடம் எந்த மாதம் கையில் காசு சுத்தமாக இல்லை, அப்போது யாரிடம் போனீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள் என்ற மூன்றை மட்டும் பேச்சுவாக்கில் தெரிந்துகொள்ளுங்கள். பத்து வீட்டில் கேட்டு மாதவாரியாகக் குறித்தாலே படம் தெளிவாகிவிடும்.

வட மாவட்டங்களில் அந்தப் படம் பெரும்பாலும் இப்படி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. ஈரத்தில் கல் அறுக்க முடியாது, சூளை நிற்கிறது, வயல் வேலையும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது, குடிசை ஒழுகுகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, நடுவில் தீபாவளியும் வந்துவிடுகிறது. தை பிறந்து சூளை தொடங்குவதற்கு முன் ஆள் பிடிக்க வேண்டிய மேஸ்திரி இந்த மாதங்களில்தான் ஊருக்குள் வருகிறார். ஆகவே உங்கள் திட்டம் மற்ற எந்த மாதத்தில் தள்ளாடினாலும் பரவாயில்லை, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வேலையும் கூலியும் நிற்கவே கூடாது. மழைக்காலத்தில் விடுமுறை விட்டுவிட்டுக் கோடையில் மும்முரமாக நடக்கும் பயிற்சித் திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் கூடை முடைந்த கைகள் மாசியில் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தன.

இரண்டாம் படி: சட்ட வேலையை முதலில் முடியுங்கள்

கொத்தடிமை முறை (ஒழிப்பு) சட்டம் 1976-இல் வந்தது. கொத்தடிமைக் கடன் எதுவானாலும் அது சட்டப்படி அழிந்துபோனது. அழிந்துபோன கடனுக்காகப் பணம் வாங்குவதே தண்டனைக்குரிய குற்றம். இந்த இரண்டாவது விஷயத்தை நன்கொடையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். நல்ல மனதோடு யாராவது வந்து, 'அந்தக் குடும்பத்தின் இருபதாயிரத்தை நானே கட்டிவிடுகிறேன், பிள்ளையை விட்டுவிடச் சொல்லுங்கள்' என்பார். கட்டக் கூடாது. கட்டினால் செல்லாத கடன் செல்லும் கடன் போல ஆகிவிடுகிறது, முதலாளிக்கு அடுத்த குடும்பத்தைப் பிடிக்க முதலும் கிடைத்துவிடுகிறது. குழந்தையின் உழைப்பைப் பெற்றோர் அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சொல்லப்பட்டது.

இன்னும் அடிமைநிலையில் இருக்கும் குழந்தை உங்கள் கண்ணில் பட்டால் நீங்களே போய் மீட்க முயலாமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும், மாவட்ட ஆட்சியருக்கும், வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியருக்கும் தெரிவியுங்கள். எழுத்து மூலம் தெரிவிப்பது முக்கியம், ஏனென்றால் பிற்பாடு எல்லாம் காகிதத்தில்தான் நிற்கும். விசாரணைக்குப் பின் கிடைக்கும் விடுதலைச் சான்றிதழ்தான் அந்தக் குடும்பத்தின் மறுவாழ்வுக்கு முதல் ஆவணம். 2016-இல் மாற்றியமைக்கப்பட்ட மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் முழுத் தொகை வழக்கின் தீர்ப்போடு பிணைக்கப்பட்டிருப்பதால் அது கைக்கு வர ஆண்டுகள் ஆகலாம். உடனடி உதவித்தொகைக்கு மட்டும் அந்த நிபந்தனை இல்லை; முதலில் 20,000 ரூபாயாக இருந்த அது பின்னர் 30,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் வரவு செலவுத் திட்டத்தில் அந்த லட்சங்களை எழுதிவிடாதீர்கள்.

இதோடு சேர்த்து ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றையும் பெற்றுத் தர வேண்டும். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் நிலையில்தான் தருகிறார்கள் என்பதால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து நாளை வீணாக்க வேண்டாம். கைவினைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ரேஷன் அரிசி வராத வீட்டில் இருப்பவர் கூடை முடைய வந்து உட்கார மாட்டார்.

மூன்றாம் படி: குழந்தையின் கை படாத பொருள்

கைவினைத் திட்டம் பெரியவர்களுக்கானது. 'மீண்ட குழந்தைகளின் கைவண்ணம்' என்று விற்றால் நன்கொடை கூடுதலாக வரும், ஆகையால் இந்த ஆசை எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். நம் நாட்டில் குழந்தை அடிமைத்தனத்தின் பெரும்பகுதி கைத்தொழில் வழியாகவே நடந்தது என்பதை அப்போது நினைத்துக்கொள்ள வேண்டும். வேலூர்ப் பக்கம் பீடியின் முனையை மடித்தது சின்ன விரல்கள். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் கூட உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தது முன்பணத்துக்கு விடப்பட்ட பிள்ளைகள். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் கம்பளத் தறிகளில் முடிச்சுப் போட்டதும் அவர்களே. 'தொழில் கத்துக்கட்டும்' என்ற சொல் இந்த மூன்று இடத்திலும் சொல்லப்பட்டதுதான்.

1986-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று விரிவாக்கப்பட்டது. ஆனால் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கும் அதில் இருக்கிறது. வீட்டில் வைத்துச் செய்யும் கைவினைக்கு அந்த விலக்கு திறந்த கதவு போன்றது. சட்டம் அனுமதித்தாலும் உங்கள் திட்ட விதி அனுமதிக்கக் கூடாது. முதல் கூட்டத்திலேயே அதைச் சொல்லி, உறுப்பினர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பதற்கும் ஏற்பாடு வேண்டும். பல ஆண்டு பள்ளிக்குப் போகாத பிள்ளையை நேராக வயதுக்கேற்ற வகுப்பில் கொண்டுபோய் விட்டால் ஒரே வாரத்தில் ஓடிவந்துவிடும். முன்பு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் நடந்த சிறப்புப் பயிற்சி மையங்கள் இந்த இடைவெளியை நிரப்பின. இப்போது அந்தப் பணி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பேசி, பள்ளி செல்லாக் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். மாலையில் ஓலையில் கிளியும் கிலுகிலுப்பையும் செய்து பிள்ளைகள் விளையாடுவது தாராளமாக நடக்கலாம். அவற்றுள் ஒன்றுகூட விற்பனை மேசைக்கு வரக் கூடாது.

நான்காம் படி: எந்தக் கைவினை?

இணையத்தில் பார்த்து மெழுகுவத்தியையோ டெரகோட்டா கம்மலையோ தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். கச்சாப் பொருள் கடையில் வாங்க வேண்டியதாக இருந்தால் ஒவ்வொரு ஆர்டருக்கும் முன்பணம் தேவைப்படும், அந்த முன்பணத்துக்கு உங்களையே நம்பியிருக்க வேண்டி வரும். ஊரில் ஏற்கெனவே இருக்கும் அறிவிலிருந்து தொடங்குவதே நல்லது. இதற்கு இருளர்களின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது பிழைப்பு இழந்தவர்கள், அதே பாம்பு பிடிக்கும் திறமையை வைத்து 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வடநெம்மேலியில் நஞ்சு எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடும் அந்தச் சங்கம், நச்சுமுறிவு மருந்துத் தயாரிப்புக்கு நஞ்சு வழங்குகிறது. அதன் உறுப்பினர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பனையும் ஈச்சமரமும் நிறைந்த ஊர்களுக்கு ஓலை வேலை பொருந்தும். ஆனால் பனையோலை அவ்வளவு எளிய பொருள் இல்லை. முடைவதற்கு வேண்டியது முற்றிய ஓலை இல்லை, விரியாத குருத்து. ஒரு மரத்திலிருந்து அடுத்தடுத்துக் குருத்தை எடுத்தால் மரம் நலிந்துவிடும், ஆகவே மரங்களைச் சுற்றுமுறையில் வைக்க வேண்டும். மரத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒப்பந்தமும் ஏறுகிறவருக்குக் கூலியும் வேண்டும். வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கீறி, சாயமிடுவதானால் கொதிநீரில் போட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி, முடையும்போது மீண்டும் லேசாக ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறுவது முடைவதில் இல்லை, கீறுவதில்தான். ஓரிழை அகலமாகவும் ஓரிழை குறுகலாகவும் போனால் நான்காவது சுற்றிலேயே கூடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு ஆணிகளை ஒரு கட்டையில் அடித்து, நடுவில் ஓலையை இழுத்து அகலம் பார்க்கும் சின்ன அளவுகோல் ஒன்றைச் செய்து கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மழைக்காலம்தான் இங்கேயும் எதிரி. காயாத ஓலையில் பூஞ்சை பூக்கும். அனுப்பிய பெட்டிகள் கரும்புள்ளியோடு திரும்பி வரும். ஐப்பசியில் வேலை நிற்கக் கூடாது என்று முதலில் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். ஆனி முதல் புரட்டாசிக்குள் மூன்று மாதத்துக்குத் தேவையான ஓலையை உலர்த்திக் கீறி, தரையிலிருந்து உயர்த்திய பரணில் கட்டிவைத்துவிட வேண்டும். திட்டத்தின் முதல் பெரிய செலவு பயிற்சியாளர் சம்பளமாக இருக்க வேண்டியதில்லை. ஒழுகாத கூரையும் ஒரு பரணுமாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கூலியும் விலையும்

பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கொடுக்காமல் திட்டத்தைத் தொடங்காதீர்கள். அன்றாடங்காய்ச்சிக்கு 'கற்றுக்கொண்ட பிறகு சம்பாதிக்கலாம்' என்பது பொருந்தாத பேச்சு. அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் கிடைக்கும் கூலியைவிட உதவித்தொகை குறைந்தால் ஆள் வராது.

கூலியை வாரந்தோறும் கொடுங்கள். சூளையிலும் ஆலையிலும் வாரச் செலவுக்குக் காசு வாங்கிப் பழகிய குடும்பத்துக்கு மாதச் சம்பளம் என்றால், நடு மூன்று வாரமும் மளிகைக் கடைக் கடன் என்று பொருள். நீங்கள் சரக்கு அனுப்பும் கடையோ மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தரும். ஆகவே மூன்று, நான்கு மாதக் கூலிக்கு ஈடான நடைமுறை மூலதனம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதை வேறு எதற்கும் தொடக் கூடாது.

விலைக் கணக்கை உறுப்பினர்கள் எதிரிலேயே போடுங்கள். ஓர் உதாரணத்துக்கு, மூடி போட்ட ஓலைப் பெட்டி ஒன்றைப் பழகிய கை நான்கு மணி நேரத்தில் முடிக்கிறது என்று வைப்போம். எட்டு மணி நேர நாளுக்கு 500 ரூபாய் என்றால் கூலி மட்டும் 250 ரூபாய். ஓலை, சாயம், ஏறுகூலி 35 ரூபாய். கழிவு, போக்குவரத்து, மேற்பார்வை 60 ரூபாய். ஆக 345 ரூபாய். திருவிழாக் கடையில் அதே மாதிரிப் பெட்டி 150 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அந்த 150-க்கு இறங்கினால் மிஞ்சும் நாள்கூலி 110 ரூபாய், அதைச் சூளையே கொடுத்துவிடும். விலையைக் குறைப்பதை விட்டுவிட்டு நேரத்தைக் குறைக்கும் வடிவங்களையும், 345 கொடுக்கக்கூடிய வாங்குவோரையும் தேடுவதுதான் வழி.

ஆறாம் படி: வேலை நடக்கும் இடம்

எண்ணிக்கைக் கூலி கொடுத்து வேலையை வீட்டுக்கு எடுத்துப்போக விட்டால் உற்பத்தி உடனே கூடும். கூடியது எப்படி என்று பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரே வீட்டிலிருந்து வந்த ஆறு பெட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தோம். அடிப்பாகம் எல்லாவற்றிலும் ஒரே கைதான். விளிம்புக் கட்டு மட்டும் நான்கில் வேறு கையாக, நெருக்கமாக, சின்னச் சின்ன மடிப்பாக இருந்தது. அந்த வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண் இருந்தாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அம்மாவுக்கு உதவி என்று அவளே செய்தது. இருந்தாலும் அது நாங்கள் வகுத்த எண்ணிக்கைக் கூலி முறையின் பலன்தான். அதன் பிறகு வேலை முழுவதையும் பொதுக் கொட்டகைக்கு மாற்றி, மணிக்கணக்கில் கூலி கொடுத்தோம். உற்பத்தி குறைந்தது உண்மை.

கொட்டகை ஊருக்குள்ளேயே, பால்வாடிக்கு அருகில் இருப்பது நல்லது. கைக்குழந்தை இருப்பவர்களுக்குத் தூளி கட்ட உத்தரம் வேண்டும். கண்காணிப்பைப் பொறுத்தவரை, கம்பளத் தொழிலில் 1994-இல் ரக்மார்க் என்று தொடங்கி இப்போது குட்வீவ் என்ற பெயரில் நடக்கும் முத்திரைத் திட்டத்தின் அடிப்படை முறையே போதும்: முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்ப்பது. பள்ளி வருகைப் பதிவேட்டை வாரம் ஒருமுறை பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தொடர்ந்து இரண்டு திங்கட்கிழமை வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள்.

ஏழாம் படி: அவசர நிதி

இதுதான் திட்டத்தின் இதயம், கைவினைகூட இதற்கு அடுத்துத்தான். உறுப்பினர்களைப் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை கொண்ட சுயஉதவிக் குழுக்களாகச் சேர்த்து, மகளிர் திட்டத்தின் வழியாக வங்கியோடு இணைக்கலாம். ஆனால் வங்கிக் கடன் நிதானமாகத்தான் வரும். பிரசவ வலியும் பாம்புக்கடியும் சாவும் நிதானமாக வருவதில்லை. மேஸ்திரி இரவு பத்து மணிக்குக் கேட்டாலும் ஐயாயிரம் கொடுப்பார். உங்கள் நிதியும் அதே இரவில் கொடுக்க வேண்டும்.

அதற்காகக் குழுவிலேயே இருவரிடம் பெட்டிச் சாவியும் ஒரு வரம்பும் இருக்கட்டும். அந்த வரம்புக்குள் கூட்டம் போடாமல், கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். திருப்பிச் செலுத்துவது வாரக் கூலியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வேலையை விட்டுப் போகிறவரின் கடனுக்காக அவரைத் திட்டத்தில் பிடித்துவைக்கக் கூடாது என்பதையும் எழுதிவையுங்கள். கடனுக்கு ஆளைப் பிடித்து வைத்தால் நமக்கும் சூளைக்காரருக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். சில கடன் வராமலே போகும். அதை நட்டமாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: விற்பனையும் பெயரும்

1973-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் கடைகள், கைவினைஞர் அடையாள அட்டை, மகளிர் குழுக் கண்காட்சிகள் ஆகியவை தொடக்கத்துக்கு உதவும். நிலையான வருமானம் பெரும்பாலும் மொத்த ஆர்டரில்தான் இருக்கிறது: கல்யாணத் தாம்பூலத்துக்கு ஓலைப் பெட்டி, இனிப்புக் கடைகளின் தீபாவளிப் பெட்டி, விடுதிகளுக்கு ரொட்டிக் கூடை. தீபாவளி ஆர்டரை ஆடியிலேயே பேசி முடித்து, பாதி முன்பணமும் வாங்கிவிடுங்கள்.

பொருளோடு கதையை விற்பதில் கட்டுப்பாடு வேண்டும். அட்டையில் ஊர்ப் பெயரும் முடைந்த பெண்ணின் விருப்பப்படி அவர் பெயரும் போடலாம். அடிமையாக இருந்தார் என்று அச்சடிப்பது அவரைப் பள்ளிக்கூட வாசலிலும் சந்தையிலும் பின்தொடரும். மீட்கப்பட்ட குழந்தையின் அடையாளம் தெரியும்படி படமோ பெயரோ வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன் கீழ்க் குற்றம். நன்கொடையாளர் ஊருக்கு வந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ள விரும்பினால், பிள்ளைகளை விட்டுவிட்டு அவரையே ஓலையைக் கீறச் சொல்லி உட்கார வையுங்கள். நல்ல படம் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: அமைப்பும் கைமாற்றமும்

அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்து, வருமான வரிச் சட்டப்படி அமைப்புக்கும் நன்கொடையாளருக்கும் வரிச்சலுகை தரும் பதிவுகளை (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி) பெறுவது எந்தத் தணிக்கையாளரும் செய்து தருகிற வேலை. வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவுக்கு மூன்று ஆண்டு செயல்பாடும் 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் தேவைப்படுவதால் முதல் மூன்று ஆண்டுக்கு உள்ளூர்ப் பணத்தையே நம்புங்கள். வணிகம் நிலைபெற்ற பிறகு, பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் அவர்கள் பெயரிலேயே உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாம். கணக்கு எழுதும் வேலைக்கு வெளியாளை வைப்பது வசதிதான். ஆனால் எட்டாவது படித்த ஓர் உறுப்பினரை முதல் ஆண்டிலிருந்தே அவர் பக்கத்தில் உட்கார வைக்காவிட்டால், திட்டத்தை உறுப்பினர்களிடமே ஒப்படைக்கும் கைமாற்றம் என்பது பேச்சோடு நின்றுவிடும்.

பத்தாம் படி: எதை எண்ணுவது?

எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை கூடை விற்பனை என்று ஆண்டறிக்கை கேட்கும், அதையும் கொடுங்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் வீட்டுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம். அந்த மாதம் மேஸ்திரியிடம் பணம் வாங்கினார்களா, பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போனது, அவசர நிதியைத் தொட்டார்களா என்ற மூன்று மட்டும். தை பிறந்ததும் முதல் வேலையாக அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடங்கள். பூட்டியிருக்கும் வீடுகளை எண்ணி, ஒவ்வொன்றின் எதிரிலும் கார்த்திகைக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்த ஆண்டு அவசர நிதியின் வரம்பை எவ்வளவுக்கு உயர்த்துவது என்பது அந்தக் கட்டங்களிலிருந்தே தெரியும்.